காற்றுப்பை

கிழிந்து மூன்று மாதம் ஆயிற்று.
பின்டோவிடம் மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் ஒரே பதில்:
"ஆர்டர் போட்டாச்சு, சூசை."
காற்றுமானியும் நோன்பு மாதத்திலிருந்தே
ஊமை.

ஒரு வியாழன் மதியம் கம்பத்தைச் சாய்த்து
பையைக் கழற்றினேன்.
என் பழைய பாதுகாப்பு ஜாக்கெட்டின் முதுகை வெட்டி
ஓட்டைமேல் வைத்துத் தைத்தேன்.
வலை பொத்துகிற தையல், ஈரிழை.
அதே ஆரஞ்சு. கூடவே இரண்டு வெள்ளிப் பட்டை.
தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு.
தீயணைப்பு வண்டியிலிருந்து குல் ஸமான் கைதட்டினான்.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அவள் பெயர் நூஃப். வயது பத்தொன்பது.
தனியாகப் பறப்பது அன்றைக்கு ஆறாவது முறை.
சக்கரம் தரை தொட்டதும் ரேடியோவில் மெதுவாக
அல்ஹம்துலில்லாஹ் என்பாள்.
எண்ணெய் அறையின் கரகரப்பில்
ஐந்து முறை கேட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு ஷமால் எழுந்தது.
கழுத்தின் இடப் பக்கம் மணல் குத்தியது.
கண்ணை மூடிக்கொண்டே
கச்சானா வாடையா என்று சொல்லிவிடுகிற
கடற்கரைக்காரன் நான்.
ஆனால் விமானம் என் கழுத்தைப் பார்த்து இறங்குவதில்லை.
பையைப் பார்த்து இறங்குகிறது.
பை
பாதிதான் எழுந்திருந்தது.
சாப்பிட்டு எழுந்தவனின் கை போல
சோம்பலாக.

முதல் முறை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்தாள்.
தொடவில்லை. இரைந்து மேலேறி
சதுப்புக் காட்டின் மேல் ஒரு வட்டம்.
நான் ஓடுதளத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு நின்றேன்.
கத்தினேனா? கத்தியிருப்பேன்.
எந்த மொழியில் என்று நினைவில்லை.

இரண்டாம் முறை இடது இறக்கை தாழ்ந்தது.
முனை தார் மேல் ஒரு கோடு கிழித்தது,
பென்சில் கோடு, அவ்வளவு மெலிதாக.
பிறகு சக்கரம் ஒடிந்தது.
பிறகு விமானம் முழுவதும் திரும்பி
தான் வந்த வழியைப் பார்த்தபடி
உப்புத் தரையில் சறுக்கிப் போய்
மூக்கைக் குத்தி நின்றது.

சத்தம் நான் நினைத்த அளவு இல்லை.
வெள்ளை உப்பில் நீல எரிபொருள்
சொட்டு சொட்டாக.
அது நீலம் என்று ஒன்பது வருடமாகத் தெரியும்.
அவ்வளவு நீலம் என்று தெரியாது.

வார் அறுத்து இழுத்தோம், நானும் குல் ஸமானும்.
காறை எலும்பு போயிருந்தது.
ஒரு காலில் செருப்பில்லை.
"தொட்டேனா?" என்று கேட்டாள்.
தரையைத்தான் கேட்கிறாள் என்று புரிய
எனக்கு நேரமாயிற்று.

விசாரிக்க வந்தவர்கள் இரண்டு பேர்.
பின்டோ மொழிபெயர்த்தார்.
என்ன பார்த்தாய்? பார்த்ததைச் சொன்னேன்.
கம்பத்தைப் படம் எடுத்தார்கள். கழற்றிப் பார்க்கவில்லை.
யாரும் பையைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கையெழுத்தை மட்டும் தமிழில் போட்டேன்.

நாலாம் நாள் ஆர்டர் வந்தது.
நிஜமாகவே போட்டிருக்கிறார்கள்.

பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்கள்.
முகாமுக்குக் கொண்டு போனேன்.
தையலைப் பிரித்து
மெஸ்ஸில் வெங்காயம் நிறுக்கும் தராசில்
ஒட்டுத் துண்டை மட்டும் வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு கிராம்.
அது போதுமா, போதாதா?
எந்தப் படிப்பு படித்தவனிடம் இதைக் கேட்பது?

அவள் வீட்டிலிருந்து எல்லாருக்கும் பேரீச்சம்பழம் வந்தது.
என் பெட்டியில் என் பெயர், அரபியில்.
இன்னும் பிரிக்கவில்லை.
எறும்பு பிரித்துவிட்டது.

ஏழு வாரம் கழித்துக் கைத்தொட்டிலோடு வந்தாள்.
"அன்னைக்குக் காற்று பொய் சொல்லிடுச்சு" என்று
ஹிந்தியில் சொல்லிச் சிரித்தாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.

போகும்போது கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.
புதுப் பை விறைத்துக் கிடந்தது.
"எவ்வளவு இருக்கும்?"

நான் பையைப் பார்க்கவில்லை.
தலைத்துணியை அவிழ்த்து
கழுத்தைத் திருப்பினேன்.